ஔடத தானமும் மருத்துவத் தலைமையும்



ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு என்பது சமண இல்லங்களில் சிறு குழந்தைகளும் அறிந்த செய்தி. இந்நான்கனுள் ஔடத தானத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. பசித்தவர்க்குச் சோறிட அன்பும் அரிசியும் இருந்தால் போதும். நோயுற்றவர்க்கு மருந்தளிக்க அன்பும் பொருளும் மட்டும் போதா. நோயை அறிந்த ஒருவர் வேண்டும். அறியாது கொடுத்த மருந்து தீங்காகவும் முடியும். சமணப் புலவர் காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். ஐந்து வேர்களும் ஆறு சரக்குகளும் உரிய அளவில் ஒன்றுகூடினால்தான் மருந்தாகும் என்பதை அப்பெயர்களே உணர்த்தும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து உழைப்பவர் என்பன அந்நான்கு. கட்டடம் என்ற ஒன்று அப்பகுப்பில் இல்லை. ஆனால் இக்காலத்தில் ஒரு வட்டாரத்திற்குப் புதிய புறநோயாளர் பிரிவு அமைக்க எண்ணும்போது இடம், கட்டடம், திறப்பு விழா, கல்வெட்டு ஆகியவையே முதலில் பேசப்படுகின்றன. எந்த மருத்துவர் தலைமை ஏற்பார், எந்த நோய்க்கு எந்த முறையில் பணி நடக்கும் என்பன பெரும்பாலும் இறுதியில்தான் வருகின்றன.

நான்கு கூறுகளையும் ஒருங்கே தாங்கும் மருத்துவத் தலைமை இன்றிப் புறநோயாளர் பிரிவு சிறக்காது. அத்தலைமை தனக்குப் பின்னும் பணி தொடர வழி செய்யாவிடில் அப்பிரிவு நிலைக்காது. இக்கருத்தைக் கண் மருத்துவத்தின் வழியாக விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். தஞ்சையில் ஒன்று, மதுரையில் ஒன்று என இரண்டு சான்றுகள் இதற்குப் போதும்.

தன்வந்திரி மகால்

கரந்தையிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் ஜினாலயங்களைப் போற்றிவரும் குடும்பங்களுக்குச் சரபோசி மன்னரின் பெயர் புதிதன்று. 1777இல் பிறந்து 1798இல் அரியணை ஏறியவர் இரண்டாம் சரபோசி. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. தஞ்சைக் கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியுமே மன்னரிடம் எஞ்சின. படை நடத்தவும் வரி தண்டவும் வாய்ப்பிழந்த அவர், எஞ்சிய பொருளையும் காலத்தையும் கல்விக்கும் மருத்துவத்திற்கும் ஈந்தார்.

நாட்டின் நிலம் கைவிட்டுப் போனபோது சத்திரங்களையேனும் காத்துக்கொள்ள அவர் முயன்றார். 1801இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதம் இதற்குச் சான்று. இராமேசுவரம் செல்லும் வழியில் அமைந்த சத்திரங்களில் வருவோர் அனைவர்க்கும் சாதி வேறுபாடின்றிச் சோறிடப்படுவதையும், வழியில் நோயுற்றோர் குணமாகும்வரை மருந்தும் பத்திய உணவும் பெறுவதையும், பேறுகாலப் பெண்கள் பேணப்படுவதையும் அவர் அதில் எடுத்துரைத்தார். நோய்க்கும் கட்டிக்கும் நச்சுக்கடிக்கும் மருத்துவம் அறிந்தோர் அங்கு இருந்தனர் என்பதையும் குறித்தார். ஆகாரமும் ஔடதமும் ஒரே கூரையின்கீழ் நடந்த அறநிலையங்கள் அவை. அவற்றுக்குரிய வருவாய் பறிபோனால் அப்பணி நின்றுவிடும் என்ற அச்சமே அக்கடிதத்தின் உட்பொருள்.

தலைநகரில் அவர் நிறுவியது தன்வந்திரி மகால். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேலை மருத்துவம் ஆகிய முறைகளில் வல்லோர் அங்கு ஒருங்கே பணியாற்றினர். உடற்கூறு பயில்வதற்காக மன்னர் மேலைநாட்டிலிருந்து எலும்புக்கூட்டு மாதிரியை வரவழைத்தார். ஆய்ந்து பயன் கண்ட மருந்துகள் அவைப் புலவர்களால் தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டன. அவையே பின்னாளில் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் நோய்வாரியாகத் தொகுக்கப்பட்டுச் சரசுவதி மகால் நூலகத்தால் அச்சேறின.

இவற்றினும் வியப்புக்குரியவை அங்குக் கிடைத்த கண் நோயாளர் குறிப்புகள். 44 நோயாளர்களின் தனித்தனிக் குறிப்பேடுகள் நூலகத்தில் காக்கப்பட்டு, இக்காலக் கண் மருத்துவர்களால் ஆராயப்பட்டுள்ளன. நோயாளியின் விவரம், நோயின் நிலை, செய்த சிகிச்சை ஆகியவற்றோடு, நோயுற்ற கண்ணின் வண்ணப் படமும் அவற்றில் இடம்பெற்றுள்ளது. கண்புரை அறுவை செய்யப்பட்டமையும் பதிவாகியுள்ளது. மெக்பீன் என்ற ஆங்கில மருத்துவரின் பெயரும் அப்பணியோடு தொடர்புபடுத்தப்படுகிறது.

புகைப்படக் கருவி இல்லாத காலத்தில் நோயுற்ற கண்ணை வரையச் செய்தது வெறும் கலையார்வத்தால் நேர்ந்ததன்று. சிகிச்சைக்கு முன் கண் எவ்வாறு இருந்தது என்பது பதிவானால்தான் பின்னர் என்ன மாறியது என்று அறிய முடியும். இன்று மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டு என்று வழங்கும் பதிவுக்குத் தஞ்சையில் இருநூறு ஆண்டுகட்கு முன்பே ஒரு மூதாதை இருந்தது என்று துணிந்து கூறலாம்.

மன்னர் 1832இல் மறைந்தார். அவர் மைந்தர் சிவாசி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தபின் கம்பெனி எஞ்சியதையும் எடுத்துக்கொண்டது. 1918இல் நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. ஏடுகள் வாழ்கின்றன, மருத்துவ நிலையமோ இன்று இல்லை. அதன் தலைமை ஓர் அரசரிடம் இருந்தது. பொருளும் ஓர் அரசரின் கருவூலத்திலிருந்து வந்தது. அரசும் கருவூலமும் அகன்றபோது அதனைத் தாங்கி நிற்க வேறொரு தூண் இல்லை. அறிவிலோ அருளிலோ அம்மன்னரிடம் குறையில்லை. அமைப்பின் அடித்தளம் ஒருவரையே நம்பியிருந்தது என்பதே அதன் வலுவின்மை.

மதுரையில் பதினொரு படுக்கைகள்

இதே கண் மருத்துவத்தில், அரசும் கருவூலமும் இல்லாத ஒருவர் தொடங்கிய பணி எவ்வாறு நிலைத்தது என்பதை அடுத்துக் காண்போம். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918இல் வேளாண் குடும்பத்தில் பிறந்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் கடுமையான முடக்குவாத நோய் அவர் மூட்டுகளைத் தாக்கியது. நெடுநாள் படுக்கையில் கிடந்தார். விரல்கள் வளைந்து நிலைத்தன. மகப்பேறு மருத்துவம் இயலாது என்றானபின் கண் மருத்துவம் பயின்றார். வளைந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு நுண்ணிய அறுவையில் தேர்ந்தார்.

மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக நெடுங்காலம் பணியாற்றியபோது ஊர் ஊராகக் கண் மருத்துவ முகாம்கள் நடத்தினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தாரும் உறவினரும் துணை நின்றனர். பெருங்கொடையாளர் எவரும் அவர் பின்னால் இல்லை. இந்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புத் தேசியத் திட்டத்தைத் தொடங்கியதும் அதே 1976இல்தான்.

அவர் தலைமையில் நடந்தவற்றைக் குறள் காட்டும் நான்கு கூறுகளின்படி நோக்கினால் பொருள் தெளிவாகும்.

முதலாவது நோயுற்றவர். சிற்றூரிலிருந்து வருபவர் ஒரு நாள் கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு, பேருந்துக்கும் செலவழித்து வருகிறார். ஆதலால் பதிவு, பார்வைச் சோதனை, கண் அழுத்தம் பார்த்தல், மருத்துவர் ஆய்வு, கண்ணாடி வழங்கல் ஆகிய அனைத்தும் ஒரே வருகையில் முடியுமாறு வரிசை அமைக்கப்பட்டது. நாளை வா என்னும் சொல் ஏழை நோயாளிக்கு இன்னொரு நாள் கூலி என்பதை அம்மருத்துவர் உணர்ந்திருந்தார்.

இரண்டாவது மருத்துவர். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மருத்துவர் செய்ய வேண்டும். ஏனையவற்றைப் பயிற்சி பெற்ற பிறர் செய்யலாம் என்பது அங்கு விதியாயிற்று. அறுவை அரங்கில் ஒரு மேசையில் சிகிச்சை முடியும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். மருத்துவரின் நேரம் வீணாகாமையால் சிகிச்சை பெறுவோர் தொகை பெருகியது. எண்ணிக்கை பெருகும்போது தரம் குன்றாதிருக்க, அறுவைக்குப்பின் நேரும் சிக்கல்கள் பதிவு செய்யப்பட்டு ஆராயப்பட்டன.

மூன்றாவது மருந்து. கண்புரையை நீக்கியபின் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை ஏழைக்கு எட்டாதது. 1992இல் ஆரோலேப் என்ற உற்பத்தி நிலையம் மதுரையில் தொடங்கப்பட்டு, லென்ஸ் மிகக் குறைந்த விலையில் செய்யப்பட்டது. அதன்பின் கட்டணமின்றி அறுவை பெறும் நோயாளிக்கும் லென்ஸ் பொருத்துவது இயல்வதாயிற்று.

நான்காவது அருகிருந்து உழைப்பவர். சிற்றூர்களில் பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, இரண்டாண்டுப் பயிற்சிக்குப்பின் பார்வைச் சோதனையிலும் செவிலிப் பணியிலும் அமர்த்தப்பட்டனர். நோயாளியின் பேச்சு வழக்கும் அச்சமும் அறிந்தவர்கள் அவர்கள். பாட்டி, தாத்தா என்று முறை சொல்லிக் கைபிடித்து அழைத்துச் செல்லும் ஒருவர் இருந்தால் நோயாளியின் அச்சம் பாதி குறையும். அம்மருத்துவமனையின் முதுகெலும்பு அப்பெண்களே.

பொருள் வழியும் ஆராய்ந்து அமைக்கப்பட்டது. கட்டணம் செலுத்த இயன்றோரிடமிருந்து வரும் வருவாயே இயலாதோரின் சிகிச்சைச் செலவையும் தாங்குகிறது. ஆண்டுதோறும் கொடையை எதிர்நோக்கி நிற்கும் நிலை இல்லை. 2006இல் நிறுவனர் மறைந்தார். பணி நிற்கவில்லை, தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி எனக் கிளைத்த மருத்துவமனைகள் தொடர்ந்து நடைபெறுகின்றன. தன்வந்திரி மகாலுக்கு வாய்க்காத ஒன்று இங்கு வாய்த்தது. அடுத்த தலைமுறை மருத்துவர்களை நிறுவனரே ஆளாக்கியிருந்தார். வருவாயையும் ஒருவரது கையை நம்பாதவாறு அமைத்திருந்தார்.

முகாமுக்கு வந்தோரும் வாராதோரும்

அரவிந்த் மருத்துவமனையின் வரலாற்றில் அறநிலையங்கள் கருத்தில் கொள்ளவேண்டிய மற்றொரு நிகழ்ச்சி உண்டு. முகாம்களால் புகழ்பெற்ற அந்நிறுவனமே, முகாம்கள் உண்மையில் யாரைச் சென்றடைகின்றன என்ற ஆய்வுக்குத் தன்னை உட்படுத்திக்கொண்டது. முகாம் நடந்த சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தபோது, கண் குறைபாடு உடையோருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேரே முகாமுக்கு வந்திருந்தனர் என்பது தெரியவந்தது. 1999இல் அம்முடிவு மருத்துவ இதழில் வெளியாயிற்று.

முகாமுக்கு வந்த கூட்டத்தை எண்ணி மகிழ்வது எளிது. வாராதோரைத் தேடிச்சென்று எண்ணுவது அரிது. அவ்வெண்ணிக்கையை உலகறிய வெளியிடுவது அதனினும் அரிது. மருத்துவத் தலைமை என்பதன் உரைகல் இதுவே. அதன் விளைவாக, 2004 முதல் சிற்றூர்ப் பகுதிகளில் நிலையான பார்வை மையங்கள் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐம்பதாயிரம் மக்களுக்கு உரியது. பயிற்சி பெற்ற பணியாளர் அங்கேயே கண்ணைச் சோதிப்பார். தலைமை மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் காணொளி வழியாக நோயாளியோடு பேசி முடிவு கூறுவார். கண்ணாடியும் மருந்தும் அங்கேயே கிடைக்கும். அறுவை தேவைப்படுவோர் மட்டுமே நகரத்திற்குச் செல்வர்.

நெல் விளையும் மண்ணில்

காவிரிப் படுகைக்கு இச்செய்தி மிகவும் பொருந்தும். நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதும் அதே மருந்து அதிகாரத்தின் அறிவுரை. கண் நோய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு.

கண்புரை மெல்ல வளர்வது. சில மாதங்கள் காத்திருந்தாலும் அறுவையால் பார்வை மீளும். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் முகாம் அதற்கு ஓரளவு உதவும். கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயும், சர்க்கரை நோயால் விழித்திரைக்கு வரும் கேடும் அவ்வாறல்ல. வலியின்றி வளர்ந்து, இழந்த பார்வையை மீட்க முடியாத நிலைக்குக் கொண்டுசெல்லும் இயல்புடையவை அவை. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்காணித்தாக வேண்டும். அதற்குப் பதிவேடும், அதே நோயாளியை மீண்டும் அழைக்கும் ஒழுங்கும் தேவை. ஒருநாள் முகாமால் அது இயலாது.

மூன்றாவது வகை உழவர்க்கே உரியது. அறுவடையின்போதும் கதிரடிக்கும்போதும் நெற்சுணையோ உமியோ வைக்கோல் துரும்போ கண்ணில் பட்டுக் கருவிழியில் கீறல் உண்டாகிறது. அக்கீறலில் கிருமியோ பூஞ்சையோ புகுந்தால் கருவிழிப் புண்ணாகிப் பார்வையைப் பறிக்கும். மதுரை மாவட்டத்தில் செய்த ஆய்வு ஒன்று, ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேருக்கு 113 பேர் என்ற அளவில் இப்புண் ஏற்படுவதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவின் ஒரு வட்டாரத்தில் கண்ட அளவினும் இது ஏறத்தாழப் பத்து மடங்கு. கண்ணில் தாய்ப்பால் விடுவதும், பச்சிலைச் சாறு பிழிவதும், மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி விடுவதும் நிலைமையை மேலும் கெடுக்கும். அச்சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைப் புண் விரைந்து பெருகும்.

இதற்கு எளிய வழி உண்டு என்பதை நேபாள நாட்டின் பக்தபூரில் நடந்த ஆய்வு காட்டியது. ஊரிலேயே பயிற்சி பெற்ற பணியாளர் கண் கீறலை உடனே கண்டறிந்து, நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பை நாள்தோறும் மும்முறையாக மூன்று நாள் இட்டனர். காயம்பட்ட 18 மணி நேரத்திற்குள் மருந்து பெற்றோர்க்குப் புண் உண்டாகவில்லை. 18 மணி நேரம் என்பது ஓர் இரவும் சிறிது பகலுமே. உமி பட்ட கண் அடுத்த ஆண்டு முகாமுக்காகக் காத்திருக்காது.

ஆகவே தஞ்சைப் பகுதியில் கண் புறநோயாளர் பிரிவு ஒன்றுக்குக் காலம் வகுப்பவர் இம்மூன்று நோய்களின் காலத்தையும், நிலத்தின் காலத்தையும் சேர்த்து அறிந்தவராக இருத்தல் வேண்டும். சூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவைப் பணி தொடங்கும். நடவு நாளில் பெண்கள் வயலை விட்டு வர மாட்டார்கள். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும். கண்ணில் காயம் படும் காலமும் அதுவே. அந்நாட்களில் பிரிவு மாலையிலும் திறந்திருக்க வேண்டும். அறுவடை முடிந்து கையில் பணமும் ஓய்வும் உள்ள நாட்களில் கண்புரை அறுவைக்கு அழைக்க வேண்டும். இத்தகைய முடிவுகளைக் கணக்கரோ கட்டடக் குழுவோ எடுக்க இயலாது. நோயும் ஊரும் அறிந்த மருத்துவரே எடுக்க வேண்டும்.

கொடையாளர் கேட்க வேண்டியவை

தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனையின் பெயரிலேயே கொடையாளர் நினைவு வாழ்கிறது. கொடை இன்றி மருத்துவமனை எழாது என்பது உண்மை. எனினும் கொடுப்பவர் கொடுக்கும் முன் சில வினாக்களைக் கேட்பது அறத்திற்கு மாறானதன்று. அறத்தைக் காப்பதே ஆகும்.

தலைமை ஏற்கும் மருத்துவர் யார்? அவர் வாரத்தில் எத்தனை நாள் அங்கு இருப்பார்? அவர் வாராத நாளில் நோயாளியைப் பார்ப்பவர் யார்? அப்பணியாளர்க்குப் பயிற்சி அளிப்பவர் யார்? அறுவை தேவைப்பட்டால் நோயாளியை எந்த மருத்துவமனை ஏற்கும்? ஒருமுறை வந்தவர் மறுமுறை வாராவிடில் அவரைத் தேடிச் செல்பவர் யார்? திறப்பு விழா முடிந்து ஐந்தாம் ஆண்டில் ஊதியம் எங்கிருந்து வரும்? இவ்வினாக்களுக்கு விடை உள்ள இடத்தில் சிறிய அறை ஒன்றே போதும். விடை இல்லாத இடத்தில் மூன்று மாடிக் கட்டடமும் பயன் தராது.

கொடையாளர் தம்மை அடக்கிக்கொள்ள வேண்டிய இடமும் ஒன்று உண்டு. எந்த நோயாளியை முதலில் பார்ப்பது, எந்த மருந்தை வாங்குவது, எவருக்கு அறுவை வேண்டும் என்பவை மருத்துவரின் முடிவுக்கு உரியவை. கணக்கைக் கேட்பது அறங்காவலர் கடமை. சிகிச்சையில் தலையிடாமை அவர்தம் ஒழுக்கம். மருத்துவரும் தம் பங்குக்கு, குணமானோர் எத்தனை பேர், குணமாகாதோர் எத்தனை பேர், வாராது நின்றோர் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் அறங்காவலர் முன் மறைக்காது வைக்க வேண்டும்.

ஆண்டுதோறும் விழா நாளில் நடைபெறும் இலவசக் கண் முகாம்கள் நற்பணியே. அவற்றை நிறுத்த வேண்டியதில்லை. அம்முகாமில் பதிவான பெயர்களைக் கொண்டே நிலையான பணியைத் தொடங்கலாம். சென்ற ஆண்டு பதிவு செய்தவருள் அறுவை பெற்றோர் யார், கண்ணாடி பெற்று அணியாதோர் யார், சர்க்கரை நோய் உள்ளோர் யார் என்று பார்த்து, அவர்கள் வீட்டுக்கு ஒருவர் சென்று வருவதே முதற்படி. அதற்குக் கட்டடம் வேண்டா. ஒரு குறிப்பேடும், பொறுப்பேற்கும் ஒரு மருத்துவரும், அவர் சொற்படி நடந்து பழகும் இரண்டு இளையோரும் போதும்.

சரபோசி மன்னரின் ஏட்டில் நோயாளர் கண்கள் இன்றும் வண்ணப் படங்களாய் நம்மை நோக்குகின்றன. அப்படங்களை வரையச் சொன்னவரின் அக்கறையும், மதுரையில் பணியைத் தம் காலத்திற்குப் பின்னும் நிற்குமாறு அமைத்தவரின் திட்டமும் ஒன்றுசேர்ந்தால் ஔடத தானம் இந்நெல்வள நாட்டில் நிலைபெறும். அடுத்த சம்பா அறுவடையில் கண்ணில் உமி பட்ட ஒரு பெண், அன்று மாலைக்குள் தன் ஊரிலேயே மருந்து பெற்று, மறுநாள் பார்வையோடு வயலுக்குச் செல்வாளாயின், அத்தானத்தின் பயன் அதுவே.

அறம் வளர்க!